ஸ்பிரே கன் உங்கள் கையில் இருக்கட்டும்: விருத்தாசலத்தில் பொம்மைக்கு வண்ணம் பூசுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே, தம்பிகளே,

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் அச்சிலிருந்து வரும் பொம்மைக்கு முகம் கொடுப்பவர்கள் நீங்கள். பட்டறை முதலாளியைப் பேட்டி எடுக்கிறார்கள். சூளையைப் படம் பிடிக்கிறார்கள். கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கைப் பற்றி ஒரு செய்தி போடுகிறார்கள். தூரிகை பிடித்து நாள் முழுக்கக் குனிந்திருக்கும் உங்களிடம் வந்து யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். அதைக் கேட்பதற்கு முன், ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நவராத்திரி நேரத்தில் பொம்மைக் கடைப் பக்கம் போனால் ரெசின் பொம்மைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கண்ணன் மேனியின் நீலம் நெற்றியில் வெளிறி, கழுத்தடியில் அடர்ந்து இறங்கும். கன்னத்துச் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அடுத்து நம்மூர்ப் பொம்மையை எடுத்துப் பாருங்கள். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து, சூளையில் வேகவைத்து எடுத்த உடம்பு. சுண்டினால் கணீரென்று கேட்கும். ரெசினால் கனவிலும் அந்த ஓசையைத் தர முடியாது. ஆனால் மேலே ஒரே நீலம், தூரிகைத் தடம் தெரியத் தெரிய. உடம்பு உசத்தி, சட்டை மட்டம். கடைக்கு வருகிறவர் சட்டையைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்.

இதில் உங்கள் கையைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. ஒரு பொம்மைக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர், ஒரே கன்னத்துக்கு மூன்று அடுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. தூரிகையால் நிழல் இறக்கத் திறமை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அந்த நேரத்துக்கு உங்களுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. உங்கள் வேலை மட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். இதை மாற்றக்கூடிய ஒரு கருவி இருக்கிறது. பேனா அளவுதான். காற்றின் வேகத்தில் வண்ணத்தைப் பனிபோல நுணுக்கித் தூவும். ஏர்பிரஷ் கன் என்பார்கள். மோட்டார் சைக்கிள் டேங்கில் படம் போடுகிறவர்களிடமும் பிள்ளையார் சிலைக்கு வண்ணம் அடிக்கிறவர்களிடமும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூரிகையில் கால் மணி நேரம் தின்னும் நிழலை, கை பழகியவர் இதில் ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிடுவார்.

“அதெல்லாம் பணக்காரர் சாமான்” என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. “அது வந்தால் எங்கள் வேலை போய்விடும்” என்று வேறு சிலர் பயப்படுகிறார்கள். முதல் பேச்சில் உண்மை இல்லை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

முதலில் காசைப் பேசுவோம்.

உங்களுக்கு வேண்டியது மேலே கிண்ணம் வைத்த, இரட்டை இயக்கக் கன். விசையை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். முகத்துக்கும் நகைக்கும் 0.3 மில்லிமீட்டர் நாசில் போதும். வெளிநாட்டு உயர்ந்த பிராண்டுகள் பத்தாயிரத்தைத் தாண்டும். பழகுவதற்கு அவை தேவையே இல்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கன்னிலேயே கை திருந்தும். அடிப்பூச்சுக்கு 0.5 நாசில் உள்ள இன்னொன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

செலவு கன்னில் இல்லை, காற்றில்தான். சிறிய டேங்க் வைத்த எண்ணெயில்லாக் கம்ப்ரசர் ஐந்தாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை ஆகும். டேங்க் இல்லாதது விலை குறைவு. ஆனால் காற்று விட்டுவிட்டு வரும், வண்ணமும் அதற்கேற்பத் திட்டுத் திட்டாக விழும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் கூடவே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நம்மூர் மழைக்காலத்தில் வடிகட்டி இல்லாவிட்டால் அம்மன் முகத்தில் நீர்த்துளி தெறிக்கும். கன்னின் அடியிலேயே பொருத்தி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் குட்டிக் கம்ப்ரசரும் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு வருகிறது. அதில் வேகம் குறைவு, நாள் முழுக்க உழைக்காது. வீட்டில் மாலை நேரத்தில் பழக அது போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை.

அதற்கும் காசில்லை என்றால் பழைய வழி ஒன்று உண்டு. ரிம்மில் மாட்டிய கார் சக்கரத்தைப் பஞ்சர் கடையில் 35 பி.எஸ்.ஐ. வரை நிரப்பி, வால்வில் பொருந்தும் குழாயை மாட்டி கன்னோடு இணைத்தால் சில நிமிடங்களுக்குக் காற்று வரும். தொழில் செய்ய அது பற்றாது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, கை வருகிறதா என்று தெரிந்துகொள்ளப் போதும். பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரைக் கழற்றிச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அழுத்தம் மீறினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். காற்றை அடைத்த டப்பா வெடித்தால் அதுவும் குண்டுதான்.

வண்ணத்துக்காகத் தனியே பெரும் பணம் போட வேண்டாம். பெயிண்ட் கடையில் கிடைக்கும் தண்ணீர் கலக்கும் எமல்ஷனும், சின்னப் புட்டியில் வரும் ஸ்டெய்னரும் இருந்தால் தொடங்கிவிடலாம். பால் பதத்துக்குக் கரைத்து, பழைய நைலான் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். கெட்டியாக இருந்தால் கன் துப்பும். நீர்த்துப்போனால் வண்ணம் பொம்மையின் மேல் கிளை பிரிந்து ஓடும். பிஸ்கட் சூடு மட்டும் கண்ட பொம்மை தண்ணீரை உறிஞ்சும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் முதலில் வெள்ளை அடிப்பூச்சு ஒன்று, அது காய்ந்த பிறகுதான் நிறம். அடிப்பூச்சுக்கு 25 பி.எஸ்.ஐ. அளவு, முகத்துக்கு 15 முதல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரும்புக்கும் வண்டிக்கும் அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட் அந்தச் சட்டத்துக்குள் வராது. குழந்தை கையில் போகும் பொம்மைக்கு அந்த டப்பாவைத் திறக்காதீர்கள், எவ்வளவு பளபளத்தாலும் சரி. அகல் விளக்கின் திரி முனைக்கும் சாப்பிடும் தட்டுக்கும் குடிக்கும் கோப்பைக்கும் எமல்ஷன் போன்ற, சூளையில் வேகாத குளிர் வண்ணம் கூடவே கூடாது. திரி முனையில் கருகும், தட்டில் உரிந்து வயிற்றுக்குள் போகும். அவற்றுக்குச் சூளையில் வேகும் செராமிக் நிறம்தான். அந்த நிறத்தின் துகள் கடினமானது, மெல்லிய ஊசியையும் நாசிலையும் அரித்துவிடும். ஆகவே அதற்கு நாசில் அகன்ற வேறொரு கன் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பொம்மையோடு நில்லுங்கள்.

பழகுவதற்கு விருத்தாசலத்தைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. மற்ற ஊரில் பழகுகிறவர் காகிதம் வாங்க வேண்டும், பிளாஸ்டிக் பொம்மை வாங்க வேண்டும். உங்கள் பட்டறை மூலையிலோ விரிசல் விட்டது, மூக்கு உடைந்தது, கோணியது என்று ஒதுக்கிய பொம்மைகள் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் செய்தித்தாளில் புள்ளி வையுங்கள், பிறகு கோடு, பிறகு அடர்ந்து தொடங்கி வெளிறி மறையும் பட்டை. கன் கிட்டே வந்தால் கோடு மெலியும், ஒரு சாண் விலகினால் பரவும். தொடங்கும்போது முதலில் காற்று, அப்புறம் வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணம், அப்புறம் காற்று. இந்த ஒன்று விரலுக்குப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி கழுவுவது. ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் தண்ணீர் விட்டு அடித்துவிடுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் ஊசியை உருவித் துடையுங்கள். ஊசி முனை வளைந்தால் கன் சரியாகத் தூவாது. கெட்டுப்போன கன்களில் பெரும்பாலானவை கழுவாமல் கெட்டவைதான்.

புடவைக் கரைக்கும் மயில் தோகைக்கும் அச்சுத் தாள் வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே பிலிமைவிட நல்ல அச்சுத் தாள் கடையில் கிடைக்காது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்விடும். பிளேடால் பூவை வெட்டி, பொம்மை மேல் வைத்துத் தூவி எடுத்தால், நூறு பொம்மைக்கும் ஒரே பூ விழும்.

அச்சுத் தாளும் ஏர்பிரஷும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. 1920களின் பிற்பாதியில் ஜெர்மனியின் பீங்கான் ஆலைகள் சாதாரணக் குடும்பத்துச் சமையலறைக்கான மலிவான தட்டுகளிலும் கெண்டிகளிலும் இந்த முறையில் வட்டமும் முக்கோணமும் நிழலுமாகத் தூவி விற்றன. ஸ்பிரிட்ஸ்டெகோர் என்று அதற்குப் பெயர். கை ஓவியத்துக்குக் காசில்லாத வீடுகளுக்கு வேகமும் அழகும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. அன்றைய அந்த மலிவுச் சாமான் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரப் பீங்கான் ஆலைகளிலும் ஏர்பிரஷ் நுழைந்தது. சார்லஸ் பர்டிக் என்பவர் 1890களில் உருவாக்கிய கன்னை ஏரோகிராஃப் என்ற பெயரில் விற்றார்கள். அந்தப் பெயராலேயே பீங்கானில் வண்ணம் தூவும் வேலை ஏரோகிராஃபிங் ஆயிற்று. அந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் தட்டின் அடியில் விழுந்த முத்திரை ஆலையுடையது. கம்ப்ரசரும் கன்னும் ஆலையுடையவை. தூவிய பெண்களின் பெயர்களைத் தேடினாலும் அதிகம் கிடைக்காது.

இப்போது இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். “அது வந்தால் எங்கள் வேலை போய்விடும்.” பத்துப் பேர் செய்யும் அடிப்பூச்சை ஒரு கன் இரண்டு பேரை வைத்துச் செய்துவிடும் என்பதை நான் மறைக்க மாட்டேன். அந்தக் கன்னைப் பட்டறை முதலாளி வாங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேலை சுலபமாகிவிட்டதே என்று பீஸ் கூலியைக் குறைப்பார். மீதிப் பேரை நாளைக்கு வர வேண்டாம் என்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கருவிக்குக் காசு போட்டவர் அந்தக் காசைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பார். கருவி யார் கையில் இருக்கிறதோ, கூலி அவர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அதே கன் உங்களுடையதாக இருந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது நீங்கள் பட்டறைக்குக் கூலிக்குப் போகும் ஆள் மட்டும் இல்லை, “இந்த நிழல் வேலை வேண்டுமென்றால் பொம்மையை எங்களிடம் அனுப்புங்கள், அதற்கு இது விலை” என்று சொல்லக்கூடிய ஆள். வெள்ளைப் பொம்மையாகவே வாங்கி, வண்ணம் பூசி, கொலு நேரத்தில் நீங்களே விற்கவும் முடியும். கடலூர் வண்டிப்பாளையத்திலும் காஞ்சிபுரத்திலும் கொலு பொம்மை செய்யும் குடும்பங்களுக்கு மண்ணும் வண்ணமும் ஒரே வீட்டில் இருக்கின்றன. விலையைச் சொல்லும் வாயும் அந்த வீட்டிலேயே இருக்கிறது. நமக்கு மண் பட்டறையில் இருக்கிறது, வண்ணமாவது நம் வீட்டில் இருக்கட்டும்.

கை வேலை அழிந்துவிடும் என்று வருந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கன் நிழல் போடும், கண் திறக்காது. புருவ வளைவும் கருவிழியும் உதட்டுக் கோடும் என்றைக்கும் தூரிகைக்குத்தான். உங்களில் கண் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் வேறு வழியில்லாமல் நாளெல்லாம் பீடத்துக்குப் பச்சை பூசிக்கொண்டிருக்கிறீர்கள்! பச்சையைக் கன்னிடம் விடுங்கள். கண்ணுக்கு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தனி விலை கேளுங்கள்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. தூரிகையில் வண்ணம் பொம்மை மேல் மட்டும் போகிறது. ஏர்பிரஷில் அது காற்றிலும் போகிறது, உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். முந்தானையால் மூக்கை மூடுவது பாதுகாப்பு ஆகாது. என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தை வெட்டி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தி ஜன்னலோரம் வைத்து, அதற்குள் பொம்மையை வைத்துத் தூவுங்கள். தின்னர் கலந்த பெயிண்டை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். அதன் ஆவியை என்95 தடுக்காது, சூளைப் பக்கத்தில் தீயும் பற்றும். பிஸ்கட் பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது ஈரத்துணியோடு தேயுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கினால் மருந்து கிடையாது. பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று மாஸ்க்கிலும் ஃபேனிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

இனி என் வேண்டுகோள்.

பத்துப் பேர் சேருங்கள். உங்களில் பலர் ஏற்கெனவே மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பீர்கள், அந்தக் குழுவே போதும். கன் ஒன்று, டேங்க் வைத்த கம்ப்ரசர் ஒன்று, ஃபேன், மாஸ்க், ஆரம்ப வண்ணம் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தலைக்கு ஆயிரம். அதையும் இரண்டு மூன்று தவணையாகப் போடலாம். முதல் கன்னுக்குக் கடன் வாங்காதீர்கள். கை திருந்தி, ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு பெரிதாகச் செய்ய விரும்பினால், 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 35 வயது நிறைந்த கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேளுங்கள்.

நம்மூரிலேயே அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளேஸ், நிறம், சூளை என்று கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த நிறம் எந்தச் சூட்டில் நிற்கும், எந்தத் துகளை எந்தச் சல்லடையில் சலிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பாடம். குழுவாகப் போய், விடுமுறை நாளில் ஒரு பொழுது எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போனால் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். பத்துக் கையெழுத்துப் போட்ட மனுவை யாரும் சுலபமாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

குழுவுக்குள் மூன்று விதிகளை முதல் நாளே பேசி எழுதி வையுங்கள். கன்னைப் பயன்படுத்தியவர்தான் கழுவ வேண்டும். நிழல் வேலைக்குக் குழு வைத்த விலைக்குக் கீழே யாரும் தனியாகப் போய் ஒப்புக்கொள்ளக் கூடாது. பழகியவர் பழகாத ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது விதி உடைந்தால் கன் இருந்தும் பயனில்லை. உங்களில் ஒருவரை வைத்தே உங்கள் விலையை இறக்கிவிடுவார்கள்.

கார்த்திகை முடிந்து பட்டறை கொஞ்சம் ஓயும் நாட்களில் தொடங்கினால், அடுத்த கொலுவுக்கு முன் கை பழக உங்களுக்குப் பல மாதங்கள் கிடைக்கும். முதல் மாதம் செய்தித்தாளும் உடைந்த பொம்மையும் போதும். யாருக்கும் காட்ட வேண்டாம். பிறகு ஒரே ஒரு பொம்மையை, உங்கள் குழுவே சேர்ந்து, உங்களால் முடிந்த அளவு அழகாகச் செய்யுங்கள். அதன் அடியில் விருத்தாசலம் என்று எழுதி, பக்கத்தில் உங்கள் குழுவின் பெயரையும் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் விலை பேசுங்கள். முதலாளிகள் கன் வாங்குவதற்கு முன் நீங்கள் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பொம்மைகளை வீட்டில் வைத்திருக்கும் ஒருவன்